ஏ.சி.க்கு வருஷா வருஷம் கேஸ் ஏற்ற வேண்டுமா?

வீட்டில் மின்சாரத்தையும் கரியமில வாயுவையும் குறைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. கீழே உள்ள கணக்குகள் எல்லாம் அதை வைத்துத்தான்.

எங்கள் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி.க்கு ஒவ்வொரு கோடையிலும் ‘கேஸ் குறைஞ்சிருக்கு’ என்று சொல்லி ஏற்றிவிட்டுப் போகிறார் மெக்கானிக். இது சகஜம்தானா? – மதுரை வாசகர்

சகஜமாகிவிட்டது, ஆனால் சரியில்லை. ஏ.சி.யில் உள்ள கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது; ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் ஏற்றினால் அடுத்த கோடைக்குள் அதுவும் காற்றில் கலந்துவிடும்.

அந்தக் கசிவு சுற்றுச்சூழலுக்கும் பெரிய சேதம். இப்போதைய ஏ.சி.கள் பலவற்றில் உள்ள ஆர்-32 கேஸ் ஒரு கிலோ கசிந்தால், 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும். ஏறக்குறைய 960 யூனிட் மின்சாரம் செலவழித்ததற்கு அது சமம். சற்றுப் பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-410ஏ என்றால் 2,088 கிலோ. இன்னும் பழைய ஆர்-22 என்றால் 1,810 கிலோ. அது ஓசோன் படலத்தையும் அரிக்கிறது.

கேஸ் குறைவு என்று முடிவுகட்டும் முன் ஃபில்டரையும், உள்ளேயும் வெளியேயும் உள்ள இரண்டு காயில்களையும் (கேஸ் ஓடும் வளைந்த குழாய்கள்) கழுவச் சொல்லுங்கள். ஃபில்டர் அடைத்திருந்தாலும் உள் காயிலில் பனி கட்டும், குளிர்ச்சி குறையும். கழுவிய பிறகும் குளிரவில்லை என்றால் செம்புக் குழாய்கள் இணையும் ஃபிளேர் நட்டுகளைப் பாருங்கள். எண்ணெய்க் கறை தெரிந்தால் பெரும்பாலும் கசிவு அங்கேதான். கடலோர ஊர்களில் உப்புக் காற்று காயிலையே அரித்திருக்கலாம்.

முறையான வேலை என்பது இது: மிச்சமிருக்கும் கேஸை வெளியே திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். அடைத்த பின், வேக்குவம் பம்ப் போட்டுக் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். உள்ளே ஈரம் தங்கினால் கம்ப்ரஸர் ஆயுள் குறையும். கடைசியில், அவுட்டோர் யூனிட் லேபிளில் போட்டிருக்கும் எடைக்கு, தராசில் வைத்துக் கேஸ் ஏற்ற வேண்டும். தராசும் வேக்குவம் பம்பும் இல்லாமல் வருபவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஆர்-32 தீப்பற்றக்கூடியது, கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் பற்றவைப்பு வேலை செய்ய விடவே கூடாது.

கேஸ் அடுப்பை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினால் கார்பன் குறையுமா? – திருச்சி வாசகி

இன்றைய நிலையில் குறையாது, கூடும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வரும். நல்ல அடுப்பில்கூட அந்த வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது. அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்ய 140 யூனிட் வரை ஆகும். அதாவது 98 கிலோ. மொட்டை மாடியில் சோலார் இருந்து, பகலில் சமைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிடும். அடுப்பங்கரைக் காற்று சுத்தமாக இருக்கும் என்பது இண்டக்‌ஷன் பக்கம் உள்ள இன்னொரு நியாயம்.

கேஸிலேயே குறைக்க நிறைய இடம் இருக்கிறது. தீ மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை. பர்னர் மூடியின் துளைகளை ஊசியால் குத்திக் கழுவிக் காயவையுங்கள். பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டித் தீ எழும்பக் கூடாது. கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போடுங்கள். குக்கரில் முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துவிட்டால் போதும். விசில் எண்ணிக்கையில் சமையல் இல்லை, உள்ளே அழுத்தம் நிற்கும் நேரத்தில்தான் இருக்கிறது.

எல்லா ஃபேனையும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றலாமா? – கும்பகோணம் வாசகர்

எல்லாவற்றையும் வேண்டாம். அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். பி.எல்.டி.சி. என்பது பிரஷ் இல்லாமல், எலக்ட்ரானிக் போர்டு மூலம் ஓடும் மோட்டார். சாதாரண ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. 30 வாட் அளவில் எடுக்கும். தினம் 16 மணி நேரம் ஓடும் கூடத்து ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் மிச்சம். 30 கிலோ கரியமில வாயு. தினம் ஒரு மணி நேரம் ஓடும் ஃபேனில் மூன்று யூனிட்கூடத் தேறாது.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சுவிட்சிலிருந்து நேராக வயர் கொடுக்க வேண்டும். ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் உள்ளிருக்கும் போர்டு கெட்டுப்போகும். பழைய ஃபேன் வேகம் குறைந்ததால்தான் மாற்ற நினைக்கிறீர்கள் என்றால், முதலில் கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட்தான் இருக்கும். பழையதில் அச்சடித்த அளவையே வாங்குங்கள்.

போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டால் கரண்ட் வீணாகுமா? – சேலம் வாசகி

போன் மாட்டாத நல்ல சார்ஜர் எடுப்பது மிகச் சொற்பம். டி.வி. செட்டாப் பாக்ஸைக் கவனியுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் பல பெட்டிகள் 10 வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் 14 யூனிட். இரவு படுக்கும் முன் சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள்.

மூன்று கிலோவாட் சோலார் போட இருக்கிறோம். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்? – கோவை வாசகர்

நிழலைத்தான். பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுக்கும். தொட்டி தெற்கே இருந்தால், டிசம்பரில் வெயில் தெற்குப் பக்கம் சாய்வதால் நிழல் வடக்கே நீளும். மூன்று மீட்டர் உயரத் தொட்டிக்கு, கோவையில் உச்சி வேளையிலேயே இரண்டு மீட்டர் நிழல் விழும். காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் இன்னும் அதிகம். கோடையில் இடம் பார்த்துவிட்டு, அங்கே வெயில்தானே அடிக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. தொட்டிக்குத் தெற்கே பேனல் போட இடமிருந்தால் அதுவே நல்லது.

கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி தேவை. தெற்கு நோக்கி, 10 முதல் 12 டிகிரி சாய்வு உங்கள் ஊருக்குப் போதும். அதற்கும் தட்டையாகப் போட்டால் மழைநீர் வழிந்தோடாமல் கீழ் விளிம்பில் அழுக்கு தங்கும். சராசரியாகத் தினம் 12 யூனிட் எதிர்பார்க்கலாம். வீட்டு சோலாருக்காக மத்திய அரசு 2024இல் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. பேனலைக் காலையில், கண்ணாடி சூடேறும் முன் கழுவுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் உடனே வழித்துத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் வெள்ளைத் திட்டு படியும்.

இன்னொன்றையும் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் வெயில் அடித்தாலும் நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவர் மீது மின்சாரம் பாயாமல் இருக்க பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரிலேயே வைத்திருக்கும் பாதுகாப்பு அது. மின்வெட்டு நேரத்திலும் வேண்டும் என்றால், பேட்டரியோடு ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்கு ஆரம்பத்திலேயே விலை கேளுங்கள்.