18 வயது நிறைந்த பின் யாரிடம் போவது? – வாசகர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் வாழும் நம் பிள்ளைகளின் மனநலம் பற்றி இப்பகுதிக்கு வரும் மடல்களில், நோயைப் பற்றிக் கேட்பவற்றைவிட, மருத்துவமனையின் சிறுவர் பிரிவிலிருந்து பெரியோர் பிரிவுக்கு மாறுவதைப் பற்றிக் கேட்பவையே அண்மையில் கூடிவிட்டன. அவற்றுள் ஐந்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயதிலிருந்து இருமுனை மனநிலைக் கோளாறுக்காக (எல்லை மீறிய களிப்பும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) அரசு மருத்துவமனை ஒன்றின் சிறுவர் பிரிவில் சிகிச்சை நடக்கிறது. லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். செப்டம்பரில் 18 நிறைகிறது. அக்டோபர் கடைசியில் மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வு தொடங்குகிறது. அடுத்த முறை போகும்போது பெரியோர் பிரிவுக்குக் கடிதம் தருவார்களாம். "அங்கே இருப்பவர்களோடு நான் உட்கார மாட்டேன்" என்கிறான். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? – ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, கடிதம் கைக்கு வந்ததும் மாற்றம் நடந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். மனநலப் பிரிவுகளில் சமூகப் பணியாளராக இருந்த ஆண்டுகளில் நான் கண்டவரை, பிள்ளைகள் தவறிப் போவது அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான். பழைய பிரிவு "அனுப்பிவிட்டோம்" என்று கோப்பை மூடிவிடும். புதிய பிரிவு "வரவில்லை" என்று பெயரை அடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை மாத்திரை தீர்ந்து வீட்டில் இருப்பான். புதிய மருத்துவர் உங்கள் மகனை நேரில் பார்த்து மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்த நாளையே மாற்றம் முடிந்த நாளாகக் கொள்ளுங்கள். அந்த நாள் வரும்வரை பழைய இடத்தை விட்டுவிடாதீர்கள், "அங்கே முதல் முறை பார்த்து முடிக்கும் வரை, இடையில் ஏதேனும் நேர்ந்தால் இங்கே வரலாமா?" என்று இப்போதே கேட்டு, ஆம் என்றால் அதைக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. இங்கிலாந்தில் 2010இல் வெளியான ஆய்வொன்றில், சிறுவர் பிரிவின் வயது வரம்பைத் தாண்டியவர்களில் முறையாகக் கைமாற்றி விடப்பட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு என்று தெரியவந்தது. அதற்குப் பின் 2016இல் அந்நாட்டில் வெளியிடப்பட்ட வழிகாட்டுதல், இந்த மாற்றத்துக்கான திட்டமிடலை 13 அல்லது 14 வயதிலேயே தொடங்க வேண்டும் என்றும், மாறுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து மாறிய பின் ஆறு மாதம் வரையாவது பெயர் குறித்த ஒரு பணியாளர் அந்தப் பிள்ளைக்குத் துணை நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதாவது நோய் வேரூன்றும் பருவத்தின் நட்டநடுவில் நாம் மருத்துவரை மாற்றுகிறோம். இங்கிலாந்தின் வழிகாட்டுதல் நம் மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும், "மாறி முடியும் வரை இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பானவர் யார்? அவர் பெயரைச் சொல்லுங்கள்" என்று நாம் கேட்பதற்குத் தடையில்லை. செவிலியரோ சமூகப் பணியாளரோ, யாராக இருந்தாலும் சரி, ஒரு பெயர் வேண்டும்.

அடுத்து, தேதி. 18 என்பது முழு வயதை அடைவதற்குச் சட்டம் வகுத்த வயது. எந்த வாரத்தில் எந்தப் பிரிவு பார்ப்பது என்பதோ பெரும்பாலும் அந்தந்த மருத்துவமனையின் ஏற்பாடு. செப்டம்பரில் பிரிவை மாற்றி அக்டோபரில் தேர்வெழுத வைப்பது நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை. தேர்வு முடியும் வரை, முடிந்தால் ஜனவரி வரை, மாற்றத்தைத் தள்ளிவைக்க இயலுமா என்று கேளுங்கள். தேர்வு அட்டவணையைக் கையோடு கொண்டு போங்கள். மறுத்தால், தேர்வுக்கு முன்பே புதிய இடத்தில் முதல் சந்திப்பு முடிந்துவிட வேண்டும் என்று வலியுறுத்துங்கள்.

கடிதத்தில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் மட்டும் இருந்தால் அது போதாது. கோப்பு பழைய மருத்துவமனையிலேயே தங்கிவிடக்கூடும் என்பதால், கடிதத்தில் இல்லாதது புதிய மருத்துவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பு கொடுத்துப் பார்த்து ஒத்துக்கொள்ளாத மருந்துகள் எவை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது எப்போது, தற்கொலை எண்ணம் எப்போதாவது இருந்ததா, லித்தியத்தின் இரத்த அளவு கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு இருந்தது, சிறுநீரகமும் தைராய்டும் எப்போது சோதிக்கப்பட்டன ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்த இரத்தச் சோதனையை மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருப்பதால், கைமாறும் நேரத்தில் ஒரு முறை விட்டுப் போனால்கூட அரை ஆண்டுக்கு மேல் யாரும் பார்க்காமல் போய்விடும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் தைப்பூசக் காவடி எடுப்பவனா? விரத நாள்களில் உப்பைக் குறைத்து, டர்பனின் கோடை வெயிலில் தண்ணீரும் போதாமல் நடந்தால், லித்தியம் உடலில் தேங்கி நச்சு அளவுக்கு ஏறக்கூடும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காவடி எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விரதத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்கிறேன். சிறுவர் பிரிவில் நான்கு ஆண்டுகளாக உங்களைப் பார்த்தவர்களுக்கு வீட்டு வழக்கம் தெரிந்திருக்கும். புதியவருக்கு நீங்கள்தான், இன்னும் சரியாகச் சொன்னால் அவன்தான், சொல்ல வேண்டும்.

அவன் "உட்கார மாட்டேன்" என்பதை அடம் என்று தள்ளிவிடாதீர்கள். சுவரில் படம் ஒட்டிய சிறிய அறையிலிருந்து, ஐம்பது வயதுக்காரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் நீண்ட தாழ்வாரத்துக்குப் போகும் பிள்ளை, தன் எதிர்காலமே அங்கு உட்கார்ந்திருப்பதாக எண்ணி அஞ்சுவான். அந்த அச்சத்தைப் பேச விடுங்கள். சந்திப்பு இல்லாத ஒரு நாளில் அவனை அழைத்துப் போய், பதிவு செய்யும் இடத்தையும் மருந்து வாங்கும் சன்னலையும் காட்டி, கூட்டம் குறைவான நேரம் எது என்று செவிலியரிடம் கேட்டு வாருங்கள். சிறுவர் பிரிவில் மருத்துவர் முதலில் உங்களிடம்தான் பேசியிருப்பார்; பெரியோர் பிரிவில் அவனிடம்தான் கேட்பார், அதுவும் குறுகிய நேரத்தில். ஆகவே இன்றிலிருந்தே மருந்தின் பெயர், அளவு, அடுத்த தேதி எல்லாம் அவன் வாயிலிருந்து வரட்டும். தூக்கம் குறைவது, விடாமல் பேசுவது போல நோய் திரும்புவதற்கு முன் தனக்கு என்னென்ன நேர்கின்றன என்பதை அவனே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் வெளியே அமர்ந்திருக்கப் பழகுவதும் இந்தப் பயிற்சியில் பாதி. தாய்மார்களுக்கு அதுதான் கடினமாக இருக்கிறது.

கேள்வி: 19 வயதான என் மகள் வேறு மாகாணத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். முன்பு அவளுடைய மருத்துவரிடம் எல்லாம் கேட்டுக்கொள்வேன். இப்போது புதிய மருத்துவர் "சொல்ல இயலாது" என்கிறார். மருத்துவச் செலவைக் கட்டுவது நான்தானே? – ஒரு தந்தை, பீனிக்ஸ்

பதில்: ஐயா, பணம் கட்டுவதால் அந்த உரிமை வந்துவிடுவதில்லை. 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி, போதிய பக்குவம் உள்ள பிள்ளை 12 வயது நிறைந்ததுமே தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். 18 நிறைந்தால் முழு வயதை அடைந்தவர். அதற்குப் பின், 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டப்படி, அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல், சட்டம் குறித்துள்ள சில சூழல்களில் தவிர, மருத்துவர் அவருடைய விவரங்களை வெளியிட முடியாது. இதில் மருத்துவர் மேல் கோபம் கொள்ள இடமில்லை.

ஆனால் மருத்துவர் உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றுதான் கட்டுப்பாடு. நீங்கள் அவருக்குச் சொல்லத் தடையில்லை. மகளின் நிலையில் மாறுதல் கண்டால் அதை எழுதி அனுப்பலாம். ஆனால் அவளுக்குத் தெரியாமல் எழுதினால் நம்பிக்கை போய்விடும் என்பதால், அவளிடம் சொல்லிவிட்டே எழுதுங்கள். நல்லபடியாக இருக்கும் நாளில் அவளோடு அமர்ந்து, எதை அப்பாவிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவளே எழுதிக் கையெழுத்திட்டு மருத்துவரிடம் கொடுக்கும்படி கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் "மருந்தை நிறுத்திவிட்டால் சொல்லலாம், உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம், மற்றவை வேண்டாம்" என்கிறார்கள். அது நியாயமான எல்லை.

சிகிச்சையை மறுத்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகும் நிலை வந்தால், அவருடைய சம்மதம் இல்லாமலே சிகிச்சை தரக் கோரிப் பெற்றோர் விண்ணப்பிக்க 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. விண்ணப்பிப்பவர் அதற்கு முந்தைய ஏழு நாள்களுக்குள் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும். மனநலப் பணியாளர் இருவர் தனித்தனியே பார்த்து உறுதிசெய்த பின், 72 மணி நேரம் மருத்துவமனையில் வைத்து மதிப்பிடுவார்கள். மகள் தொலைவில் இருப்பதால் அந்த ஏழு நாள் விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கான 0800 567 567 என்னும் உதவி எண்ணை அவளும் நீங்களும் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: அறிவு வளர்ச்சிக் குறைவும் மனநோயும் உள்ள பேத்தியை நான்தான் வளர்க்கிறேன். அவளுக்காக வரும் பராமரிப்பு உதவித்தொகை 18 வயதோடு நின்றுவிடுமாம். எனக்கும் வயதாகிறது, விடுதி ஏதாவதில் சேர்த்துவிடலாமா என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். – ஒரு பாட்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஆம், அந்தத் தொகை 18 நிறைந்ததும் நின்றுவிடும், 18 முதல் 59 வயது வரையிலானவர்களுக்கான ஊனமுற்றோர் உதவித்தொகையாக அது தானாக மாறாது. அரசு உதவித்தொகைகளை வழங்கும் அமைப்பான சாசாவின் அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவ மதிப்பீட்டு அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. சிறுவர் பிரிவு மருத்துவர் அவளை நன்கு அறிந்தவர். பிரிவு மாறுவதற்கு முன்பே, அவளால் தானாக எவற்றைச் செய்ய இயலாது என்று விளக்கமாக ஒரு கடிதம் அவரிடம் வாங்கிவிடுங்கள். வருமானக் கணக்கும் இனி அவளுடைய பெயரிலேயே பார்க்கப்படும்.

விடுதி பற்றி அவசரப்பட வேண்டாம் அம்மா. கௌடெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி நிலையங்களில் இருந்த மனநோயாளிகளை 2016இல் அவசரமாகத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றியதில் 144 பேர் இறந்தார்கள். அவர்களை ஏற்ற 27 நிறுவனங்களின் உரிமங்களும் செல்லாதவை என்று சுகாதாரக் குறைதீர்ப்பாளர் 2017இல் கண்டறிந்தார். ஆகவே எந்த விடுதியானாலும் முதலில் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து, அவளுடைய மருந்தைத் தருபவர் யார், அவளைப் பார்க்கும் மருத்துவர் யார் என்று கேளுங்கள். முன்னறிவிப்பின்றி வரலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். தயங்கினால் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: தங்கை மகள் 16 வயதில் மனநிலை ஏற்ற இறக்கத்துக்காக சோடியம் வல்ப்ரோயேட் தொடங்கினாள். சிறுவர் பிரிவை விட்ட பின் இரண்டு ஆண்டுகளாக மருத்துவரையே பார்க்காமல், பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குகிறாள். இப்போது திருமணம் பேசுகிறோம். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா? – ஒரு பெரியம்மா, டொங்காட்

பதில்: மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதற்கு முன் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். இந்த மருந்தைச் சாப்பிடும் தாயின் கருவில் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு நேர்கிறது. பத்தில் மூன்று, நான்கு குழந்தைகளுக்குப் பின்னர் வளர்ச்சியிலும் கற்றலிலும் குறை தெரிகிறது. 16 வயதில் தொடங்கியபோது இது தொலைவான பேச்சாக இருந்திருக்கும். பெரியோர் பிரிவின் முதல் சந்திப்பிலேயே மறுபடி எடுத்துப் பேசியிருக்க வேண்டிய பேச்சு. அந்தச் சந்திப்புதான் நடக்கவில்லையே. அவள் தானாக நிறுத்திவிடக் கூடாது. நோய் பாய்ந்து திரும்பும். உள்ளூர் கிளினிக்கில் இந்த மாதமே மனநலப் பிரிவுக்குப் பரிந்துரை வாங்குங்கள். மற்றவருக்குச் சொல்வதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். வாழப்போகிறவனிடம் நிச்சயத்துக்கு முன் அவளே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: கவனக்குறைவுக் கோளாறுக்காக (ADHD) எட்டு வயதிலிருந்து மெத்தில்ஃபெனிடேட் எடுக்கிறேன். குழந்தை மருத்துவர் இனிப் பார்க்க முடியாது என்கிறார். பெரியவர்களுக்கும் இந்த நோய் உண்டா, இதோடு விட்டுவிடலாமா? – 18 வயது மாணவன், லெனேசியா

பதில்: தம்பி, பெரியவர்களுக்கும் உண்டு, சிலருக்கு வயதோடு குறையும், சிலருக்குக் குறையாது. உங்களுக்கு எப்படி என்பதை மருத்துவரோடு பேசி, திட்டமிட்டு நிறுத்திப் பார்த்துத்தான் அறிய முடியும். சீட்டு கிடைக்காததால் நின்றுபோவதை முடிவு என்று சொல்ல முடியாது. இது ஆறாம் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டில் விற்கப்படுவது, என்பதால் ஒரே சீட்டை மறுபடி பயன்படுத்த இயலாது. ஒவ்வொரு முறையும் புதிய சீட்டு வேண்டும். அதனால் ஒரு மாத இடைவெளிகூட உடனே தெரிந்துவிடும். குழந்தை மருத்துவரிடம் முழு விவரக் கடிதமும், உங்களைத் தொடக்கத்தில் சோதித்த அறிக்கையின் நகலும் வாங்கி, மனநல மருத்துவரின் முதல் தேதி கிடைக்கும் வரை குடும்ப மருத்துவர் சீட்டு எழுதித் தருவாரா என்று கேளுங்கள். மருத்துவக் காப்புத் திட்டங்கள் கட்டாயம் ஈடு செய்ய வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருமுனைக் கோளாறும் மனச்சிதைவும் உள்ளன; உங்களுடையது இல்லை. ஆகவே உங்கள் திட்டம் எவ்வளவு தரும், எந்த வயது வரை பெற்றோரின் பெயரில் நீங்கள் இருக்கலாம் என்று சந்திப்புக்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அந்த அழைப்பை அம்மாவைச் செய்ய விடாமல் நீங்களே செய்யுங்கள்.