வரைந்தவர் சொல்லியும் திரும்பாத சின்னம்

கேள்வி: எங்கள் அமைப்பின் சின்னத்தைக் கண்டவர்களெல்லாம் தோன்றிய அர்த்தத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் உறுப்பினர்கள் சிலரே நிறத்தை மாற்றுகிறார்கள். வரைந்தது நாங்கள். பொருள் சொல்லும் உரிமையும் எங்களுக்குத்தானே?

பதில்: வரைந்தது நீங்கள், சரி. பொருள் சொல்லும் உரிமை என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

வட்டத்துக்குள் ஒரு நேர்கோடு, அதன் நடுவிலிருந்து இருபுறமும் கீழே சரியும் இரண்டு கோடுகள். சமாதானச் சின்னம். 1958-இல் பிரிட்டனில் நடந்த அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்காக ஜெரால்டு ஹோல்டம் வரைந்தது. கொடியசைத்துச் செய்தி சொல்லும் முறையில் 'என்' (N), 'டி' (D) என்ற இரண்டு எழுத்துகளுக்கும் கைகளை எப்படி வைப்பார்களோ, அதை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார். 'அணு ஆயுத ஒழிப்பு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. இன்று அதைச் சட்டையில் போட்டுத் திரிபவரிடம் அணுகுண்டு பற்றிக் கேளுங்கள், விழிப்பார். ஹோல்டமே பிற்பாடு மனம் மாறினார். தொங்கும் கைகளில் விரக்திதான் தெரிகிறது, தலைகீழாகத் திருப்பிவிடலாம் என்று நினைத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் கல்லறையிலாவது அப்படிப் பொறிக்கச் சொன்னார். அங்கேயும் பழைய மாதிரியே பொறித்துவிட்டார்கள்!

கட்டுப்படுத்தவே முடியாதா என்றால், முடியும். செஞ்சிலுவை இருக்கிறதே. போர்க்களத்தில் காயம்பட்டவருக்கு வைத்தியம் பார்ப்பவரைச் சுடாதே என்று சொல்ல, 1864 ஜெனீவா உடன்படிக்கையில் வந்த அடையாளம். பல நாடுகளில் ஒரு டாக்டர் தன் கிளினிக் பலகையில் அதைப் போட்டாலும் சட்டப்படி தப்பு. கெடுபிடிக்குக் காரணம் உண்டு: அதன் அர்த்தம் குழம்பினால் உயிர் போகும். உங்கள் சின்னம் குழம்பினால் என்ன போகும்?

அதற்காக, எடுத்தவன் இஷ்டம் என்றும் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலக் கொடியில் 1925 முதல் இருக்கும் சூரியன், சியா பழங்குடியினருக்குப் புனிதமானது. அவர்கள் சம்மதம் கேட்காமல் எடுத்தது. அவர்கள் கோபப்பட்டால் நியாயம். பூசைக்குரியதாக வைத்திருந்ததை, நாலு பேர் போட்டுக்கொள்ளட்டும் என்று அவர்கள் வெளியே விடவில்லை. நீங்களோ அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியவர்கள்.

அப்புறம், அந்த நிறம் மாற்றிய உறுப்பினர்கள். அவர்களுக்கு அனுப்பிய எச்சரிக்கைச் சுற்றறிக்கையின் நகலைக் கடிதத்தோடு இணைத்திருக்கிறீர்கள், படித்தேன். ஏன் மாற்றினீர்கள் என்று அவர்களைக் கேட்டீர்களா? நான்கு பக்கக் கடிதத்தில் அதைத்தான் தேடினேன், காணவில்லை.