தோற்க ஆள் இல்லாத வெற்றி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: "ஜெயிப்பது முக்கியமில்லை, கலந்துகொள்வதுதான் முக்கியம்" என்று பரிசளிப்பு விழாவுக்கு விழா யாராவது சொல்லிவிடுகிறார்கள். தோற்றவன் வாயை அடைக்கத்தானே இந்தப் பேச்சு?

பதில்: பாதி அப்படித்தான். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த பியர் தெ குபர்த்தேன் 1908 லண்டன் ஒலிம்பிக்கின்போது ஒரு விருந்தில் பேசியது இது. அதுவும் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை, சில நாள் முன்பு எத்தல்பர்ட் டால்பட் என்ற பிஷப் அங்கே செய்த பிரசங்கத்திலிருந்து எடுத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம்தான் மைதானத்தில் பெரிய சண்டை. 400 மீட்டர் பைனலில் பிரிட்டனின் விண்டம் ஹால்ஸ்வெல் முந்த முடியாதபடி அமெரிக்காவின் ஜான் கார்பென்டர் குறுக்கே ஓடினார் என்று பிரிட்டிஷ் நடுவர்கள் சொல்ல, பந்தயம் செல்லாது என்று அறிவித்து, கார்பென்டரை நீக்கிவிட்டு மற்றவர்களை மறுபடி ஓடச் சொன்னார்கள். மிச்சமிருந்த இரண்டு அமெரிக்கர்களும் வர மறுத்துவிட்டார்கள். ஹால்ஸ்வெல் தன்னந்தனியாக ஓடித் தங்கம் வாங்கினார். கலந்துகொள்வதுதான் முக்கியம் என்று விருந்தில் பேச்சு, கலந்துகொள்ளவே ஆளில்லாமல் மைதானத்தில் பந்தயம்!

அந்தத் தங்கத்தில் என்ன குறை என்று யோசித்துப் பாருங்கள். அதே தூரம், அதே ஓட்டக்காரர், தூரம் முழுவதையும் ஓடத்தான் செய்தார். பக்கத்தில் அவரைத் தோற்கடிக்கக்கூடிய ஒருவர் இல்லை, அவ்வளவுதான், ஆனால் அது இல்லாமல் அந்தப் பதக்கம் வெறும் உலோகமாகிவிடுகிறது. ஆகவே தோற்றவர் "சும்மா கலந்துகொண்டவர்" இல்லை, ஜெயித்தவருடைய வெற்றிக்கு எடை தந்தவரே அவர்தான். இதைக் கேட்டு உங்களுக்கு ஆறுதல் வருமா? வராது. உங்களுக்குக் கோப்பைதான் வேண்டும், அதில் தப்பும் இல்லை. ஜெயிக்கிற ஆசையே இல்லாமல் எதிரில் வந்து நிற்பவர்தான் எதிராளியை அவமதிக்கிறார்.

கேள்வி: என் எட்டு வயது மகன் செஸ்ஸில் தோற்றால் அழுகிறான், காய்களைத் தட்டிவிடுகிறான். அவனுக்காக நான் வேண்டுமென்றே தோற்றுப்போகலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவான், அன்றைக்கு அதுவரை ஜெயித்த அத்தனை ஆட்டமும் அவனுக்குப் பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக, ஆட்டம் தொடங்கும் முன்பே உங்கள் ராணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "எனக்கு ராணி கிடையாது, ஆனால் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு முழுபலத்தோடு ஆடுங்கள். அவன் ஜெயித்தால் அது அசல் வெற்றி. அவன் தேறத் தேற ராணியை வைத்துக்கொண்டு யானையை எடுங்கள், அப்புறம் குதிரை, அப்புறம் ஒன்றும் எடுக்காதீர்கள். இது ஒன்றும் குழந்தைகளுக்கான ஏமாற்று வேலை இல்லை. கோ என்ற பலகை விளையாட்டில் பலம் குறைந்தவர் முதலிலேயே சில காய்களைக் கூடுதலாக வைத்துக்கொண்டு ஆடுவது பெரியவர்கள் நடுவிலும் சாதாரணம், கோல்ஃபில் ஹேண்டிகேப் என்று தனிக் கணக்கே உண்டு.

இன்னொன்று, அவன் கொஞ்சம் வளர்ந்ததும் செஸ் ரேட்டிங், அதாவது ஒருவருடைய பலத்தைக் காட்டும் புள்ளி, எப்படி ஏறுகிறது, இறங்குகிறது என்று சொல்லிக்கொடுங்கள். ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் உருவாக்கி, உலக செஸ் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்ட கணக்கு அது. அதன்படி, உங்களைவிட 200 புள்ளி அதிகம் உள்ளவரோடு 100 ஆட்டம் ஆடினால் ஜெயித்தால் ஒன்று, டிராவுக்கு அரை என்று எண்ணி உங்களுக்கு வரவேண்டியதே சுமார் 24தான். வலுவானவரிடம் தோற்றால் கொஞ்சம்தான் குறையும், உங்களைவிடச் சுமாரானவரிடம் தோற்றால்தான் சரியாக அடிவிழும். அதாவது எல்லாத் தோல்வியும் ஒரே அளவு இல்லை என்பதைக் கணக்கே ஒத்துக்கொள்கிறது, நாம்தான் ஒத்துக்கொள்வதில்லை.

அழுவதை விட்டுவிடுங்கள், அழட்டும். காய்களைத் தட்டிவிட்டால் மட்டும் அவனே பொறுக்கி அடுக்க வேண்டும், இதில் கண்டிப்பாக இருங்கள். கோபம் ஆறியதும் இரண்டு பேரும் உட்கார்ந்து எங்கே கோட்டைவிட்டான் என்று காய்களை நகர்த்திப் பாருங்கள். பெரிய போட்டிகளில்கூட ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரும் தோற்றவரும் ஒன்றாக உட்கார்ந்து இதைத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: போட்டியில் ஜெயித்தவர்தான் சிறந்தவர் என்று நம்பலாமா?

பதில்: 2019 ஜூலை 14ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். ஒரே நாள், ஒரே லண்டன், இரண்டு பைனல். லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை கிரிக்கெட்: இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 50 ஓவரில் தலா 241, சூப்பர் ஓவரில் தலா 15. கடைசியில் பவுண்டரிகளை எண்ணி, 26 அடித்த இங்கிலாந்துக்குக் கோப்பை, 17 அடித்த நியூசிலாந்துக்கு ஒன்றுமில்லை. இதற்கு நடுவில், கடைசி ஓவரில் ஃபீல்டர் எறிந்த பந்து ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டுத் தெறித்து பவுண்டரிக்கு ஓடிய கதை வேறு. அதே நேரம் விம்பிள்டனில் ஃபெடரர் 218 புள்ளி எடுத்தார், ஜோகோவிச் 204. ஐந்தாவது செட்டில் இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் என்ற நிலை ஃபெடரருக்கு இரண்டு தடவை வந்தது. கோப்பையைத் தூக்கியது ஜோகோவிச்.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது என்பது என் கட்சி. டென்னிஸில் மொத்தப் புள்ளிக்கு மதிப்பில்லை, செட்டுக்குத்தான் மதிப்பு, இது மைதானத்தில் இறங்கும் முன்பே இரண்டு பேருக்கும் தெரியும், அதற்கேற்பத்தான் எங்கே மூச்சைக் கொடுப்பது, எங்கே விடுவது என்று ஆடுகிறார்கள். செட் சமனில் நின்றால் ஆடும் டை-பிரேக் மூன்றையும் ஜெயித்த ஜோகோவிச் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எழுதினார். பவுண்டரி எண்ணிக்கையும் விதிப்புத்தகத்தில் இருந்ததுதான், ஆனால் பவுண்டரிக்கு ஏற்கெனவே நாலு ரன் கொடுத்தாயிற்று, ஓடி ஓடி எடுத்த ரன் மட்டும் எப்படி மட்டம்? சில மாதத்திலேயே விதியை மாற்றினார்கள், இப்போது சமன் ஆனால் இன்னொரு சூப்பர் ஓவர். விதி மாறியதால் நியூசிலாந்துக்குக் கோப்பை போகவில்லை, போகவும் கூடாது. ஜெயித்தவர் அன்றைக்கு, அந்த விதிப்படி ஜெயித்தவர். "சிறந்தவர்" என்ற பட்டத்தை அதோடு சேர்த்துக் கொடுப்பது நாம்.

கேள்வி: டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதலில் இருவர் தங்கத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்களே, அது போட்டிக்கே விரோதம் இல்லையா?

பதில்: இல்லை. கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீட்டர் வரை ஒரு தவறும் இல்லாமல் தாண்டி, 2.39இல் ஆளுக்கு மூன்று முறை தட்டிவிட்டார்கள். அதற்குமேல் போவதா, நிறுத்துவதா என்பதை அவர்களே முடிவு செய்யலாம் என்று விதி இருந்தது, நிறுத்தினார்கள். இருவருமே கணுக்காலில் அடிபட்டு, ஆட்டமே முடிந்தது என்ற நிலையிலிருந்து மீண்டவர்கள், ஒருவர் பட்ட பாடு மற்றவருக்குத் தெரியும்.

எனக்கு அதைவிட 2024 பாரிஸ் பைனல் பிடித்திருந்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். அங்கேயும் 2.36 தாண்டிச் சமன். நியூசிலாந்தின் கெர்ரும் அமெரிக்காவின் மெக்யுவனும் பங்கு வேண்டாம் என்று தொடர்ந்து தாண்டினார்கள். இருவரும் தவறத் தவறக் கம்பியை இறக்கியதில் கெர் 2.34இல் ஜெயித்தார், மெக்யுவனுக்கு வெள்ளி. "கையில் வந்த தங்கத்தை விட்டான் பார்" என்று இணையத்தில் ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். தோற்கலாம் என்று தெரிந்தே ஒருவர் எடுத்த முடிவைத் தோற்றபின் முட்டாள்தனம் என்பது சுலபம்.

கேள்வி: வெள்ளி வாங்கியவரைவிட வெண்கலம் வாங்கியவர் ஏன் அதிகம் சிரிக்கிறார்?

பதில்: 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வீடியோக்களில் முகங்களைப் பார்த்து மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் 1995இல் இதைத்தான் எழுதினார்கள். வெள்ளிக்காரர் தவறிய தங்கத்தை நினைக்கிறார், வெண்கலக்காரர் மயிரிழையில் தவறியிருக்கக்கூடிய மேடையை நினைக்கிறார். ஆனால் ஆட்டத்தின் அமைப்பையும் பாருங்கள். இப்போதைய ஒலிம்பிக் பாட்மின்டனில் வெண்கலம் வேண்டுமென்றால் கடைசி ஆட்டத்தை ஜெயிக்க வேண்டும், வெள்ளி வேண்டுமென்றால் கடைசி ஆட்டத்தில் தோற்க வேண்டும். முகம் வேறு எப்படி இருக்கும்?

கேள்வி: தோற்ற கையோடு எதிராளிக்குக் கைகொடுக்க எனக்கு மனசே வரவில்லை. சிரித்துக்கொண்டு கொடுப்பது பொய்தானே?

பதில்: சிரிக்க வேண்டாம், கையை மட்டும் கொடுங்கள். அது "நீ ஜெயித்ததில் எனக்கு சந்தோஷம்" என்பதில்லை, "ஆட்டம் முடிந்தது" என்பதுதான்.