வேலை தெரிந்தவர்கள்தான், கூடி முடிவெடுக்கத்தான் திணறுகிறார்கள்

கேள்வி: எங்கள் குழுவில் எட்டுப் பேர், எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். புது மென்பொருளுக்கான பயிற்சி வீடியோக்களை அவரவர் பார்த்து, தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். ஆனால் சிக்கல் என்று வந்தால் யாரிடம் கேட்பதென்று ஒருவருக்கும் தெரிவதில்லை. கூட்டத்தில் முதலில் பேசுபவர் சொன்னதே முடிவாகிவிடுகிறது. மறுபடி பயிற்சி கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். அதே வீடியோக்களை மட்டும் மறுபடி போடாதீர்கள். உங்கள் ஆட்களுக்கு வேலை தெரியும்; கூட இருப்பவருக்கு என்ன தெரியும் என்பதுதான் தெரியாது. தனித்தனியாகப் படித்தால் அது தெரியவே வழியில்லை.

1995-ல் லியாங், மோர்லாண்ட், ஆர்கோட் ஆகியோர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பாகங்களைப் பொருத்தி டிரான்சிஸ்டர் ரேடியோ செய்யும் வேலையைச் சிலருக்குத் தனித்தனியாகவும், சிலருக்குக் குழுவாகவும் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு எல்லாரும் குழுவாக ரேடியோவைப் பொருத்தியபோது, சேர்ந்து கற்றவர்கள் செய்த பிழைகள் குறைவு. யாருக்கு எது கைவந்திருக்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

உங்களுக்கு இன்னும் பயன்படக்கூடியது 2000-ல் மோர்லாண்டும் மயஸ்கோவ்ஸ்கியும் செய்தது. தனித்தனியாகக் கற்றவர்களிடம், குழுவில் யாருக்கு எதில் திறமை என்ற விவரத்தை மட்டும் கொடுத்தார்கள். அவர்களும் சேர்ந்து கற்றவர்களுக்கு இணையாகச் செய்தார்கள். ஆகவே எல்லாரையும் ஓர் அறையில் உட்கார வைக்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். 'எதற்கு யாரைக் கேட்பது' என்று ஒரு பக்கம் எழுதி எல்லாருக்கும் கொடுங்கள். அப்புறம், இரண்டிரண்டு பேராகத் திரையைப் பகிர்ந்து உண்மையான வேலை ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். ஒருவர் செய்ய, மற்றவர் "ஏன் இந்த வழியில் போனீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே வரட்டும். பாதி பயிற்சி அந்தக் கேள்வியில்தான் நடக்கிறது.

சரி, முடிவெடுக்கும் விஷயம். "வேறு கருத்து இருக்கிறதா?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். எல்லா மைக்கும் அணைந்தே கிடக்கிறது. சாட்டில் ஒரே ஒரு 'ஓகே' வருகிறது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாருக்கும் தெரிந்ததையே குழுக்கள் திரும்பத் திரும்பப் பேசும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வராமலே போகும் என்று ஸ்டாசரும் டைட்டஸும் 1985-லேயே ஓர் ஆய்வில் காட்டிவிட்டார்கள். எனவே பேசத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் எல்லாரும் தனியே எழுதட்டும்: என் கருத்து என்ன, எனக்கு மட்டும் தெரிந்தது என்ன. எழுதி முடித்த பிறகே ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டும். கடைசியாகக் குழுவில் சேர்ந்தவர் எழுதியதை முதலில் வாசியுங்கள், உங்களுடையதைக் கடைசியில்.