ராத்திரி பதினோரு மணிக்கு எந்தப் பிளம்பரை அழைப்பது?

வாசகர் கேள்வி – பதில்: பெங்களூரு வீடுகளின் குழாய்ச் சிக்கல்கள்

கேள்வி: மதுரையிலிருந்து ஜீவன்பீமா நகருக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. மூன்றாவது மாடி, வாடகை வீடு. போன வாரம் ராத்திரி வாஷ்பேசினுக்குக் கீழே ஆங்கிள் காக் (சுவரிலிருந்து வரும் சின்ன வால்வு) உடைந்து ஹால் வரை தண்ணீர். செல்போனில் தேடிப் பிடித்த ஆள் கேட்ட தொகையை அப்படியே கொடுக்க வேண்டியதாயிற்று. நம்பகமான பிளம்பரை எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கும்போது பேரம் பேச முடியாது. அது வருகிற ஆளுக்கும் தெரியும். ஆகவே முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. அதற்குப் பிளம்பர் தேவையில்லை, வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

தனி வீடாக இருந்தால் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வால்வு இருக்கும். அடுக்குமாடி என்றால் பாத்ரூமுக்குப் பின்னால் குழாய்கள் இறங்கும் டக்ட்டிலோ, பாத்ரூம் சுவரின் மேற்புறத்திலோ இருக்கும். சோலார் ஹீட்டர் உள்ள வீட்டில் வெந்நீர் லைனுக்குத் தனி வால்வு உண்டு, அதையும் மூட வேண்டும். கீசர் ஓடிக்கொண்டிருந்தால் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இன்றைக்கே ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, எது எந்தக் குழாயை நிறுத்துகிறது என்று மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். கைப்பிடி நெம்புகோல் மாதிரி இருந்தால் அது பால் வால்வு: குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. வட்டச் சக்கரம் இருந்தால் கேட் வால்வு. வருடக்கணக்கில் தொடாமல் விட்ட கேட் வால்வு உப்புப் படிந்து இறுகிவிடும். அவசரத்தில் முறுக்கினால் உள்ளே தண்டு உடையும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முழுக்க மூடித் திறந்து, கடைசியில் கால் சுற்று பின்னால் திருப்பி விட்டால் இறுகாது.

வீட்டில் அரை இஞ்ச் எண்ட் பிளக் இரண்டு, டெஃப்லான் டேப், ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இருக்கட்டும். உடைந்த ஆங்கிள் காக்கைக் கழற்றிவிட்டு அந்த மரையில் பிளக்கைப் போட்டு மூடினால் மற்ற குழாய்களுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். பிளம்பர் காலையில் வரட்டும். காக்கின் மரைத்துண்டு சுவருக்குள்ளேயே சிக்கிக்கொண்டால் மட்டும் கை வைக்காதீர்கள். தெரிந்த ஆள் எக்ஸ்ட்ராக்டர் என்ற கருவியை வைத்துத் திருகி எடுப்பார், அல்லது ஹாக்ஸா பிளேடால் உள்ளே ஒரு கோடு அறுத்துச் சுற்றி எடுப்பார். உளியும் சுத்தியலும் எடுப்பவரை அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் பித்தளை எல்போ (வளைவு இணைப்பு) விரிசல் விட்டால் டைல்ஸை உடைத்தாக வேண்டும்.

இனி ஆளைப் பிடிக்கிற விஷயம். சிக்கல் எதுவும் இல்லாத நாளில் தேடுங்கள். தெருமுனை ஹார்டுவேர் கடையில் கேட்கும்போது “நல்ல பிளம்பர் யார்?” என்று கேட்காதீர்கள். “வாங்கின சாமானில் மிச்சத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவருகிறவர் யார்?” என்று கேளுங்கள். அக்கம்பக்கத்தில் பத்து வருடமாகச் சொந்த வீட்டில் இருப்பவரிடம், “ஒரே ஆளை இரண்டாவது தடவை கூப்பிட்டீர்களா?” என்று கேளுங்கள். கிடைத்தவரைப் பகலில் ஒரு சின்ன வேலைக்கு அழையுங்கள், சொட்டுகிற ஒரு குழாயைச் சரிசெய்ய. பையைத் திறப்பதற்கு முன் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். தண்ணீர் மேல் தொட்டியிலிருந்தா, பிரஷர் பம்பா? வால்வு எங்கே? எத்தனை நாளாக? இதெல்லாம் கேட்காமல் “முழு செட்டையும் மாத்திடலாம்” என்றால் அடுத்தவரைப் பாருங்கள். பழைய டேப்பை மரையிலிருந்து சுத்தமாக எடுத்துவிட்டு, மரையின் முனை தன்னைப் பார்க்கும்படி பிடித்துக் கடிகாரச் சுற்றில் ஏழெட்டுச் சுற்று சுற்றுகிறாரா? குரோம் குழாய்க்கும் ஸ்பேனருக்கும் நடுவே துணி வைக்கிறாரா? முடித்ததும் இணைப்பைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பார்க்கிறாரா? அப்படிப்பட்டவர் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஊருக்குப் போயிருப்பார் என்பதால் இரண்டு பேராவது வேண்டும்.

கேள்வி: செயலி மூலம் வருகிற ஆள் நல்லவரா, தெருவில் இருக்கும் ஆளா? எனக்குக் கன்னடம் தெரியாது என்பதும் ஒரு தயக்கம். (வாசகி, கம்மனஹள்ளி)

குழாய் மாற்றுவது, ஹெல்த் ஃபாசெட் (கழிப்பறைக் கைப்பீச்சி) பொருத்துவது மாதிரி எண்ணிச் சொல்லக்கூடிய வேலைக்குச் செயலி சரி. விலை முன்கூட்டியே தெரியும். கசிவு எங்கே என்று தேட வேண்டிய வேலைக்கு, அந்தக் கட்டடத்தின் பழைய லைன்களை அறிந்த உள்ளூர் ஆள்தான் லாபம். மொழிக்குப் பயப்படாதீர்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கமெல்லாம் தமிழ் பேசும் பிளம்பர்கள் உண்டு. “நீரு சோர்த்தா இதெ” என்றால் எந்தக் கன்னடக்காரருக்கும் கசிவு என்று புரியும். இந்தியா முழுக்கப் பிளம்பிங் வேலைக்குப் பேர்போன ஊர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டம்; அங்கே பட்டாமுண்டையில் பிளம்பிங்குக்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆகவே கதவைத் தட்டுபவர் ஒடியாக்காரராக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். சிக்கலை வீடியோ எடுத்து முன்பே அனுப்பினால் பாதிப் பேச்சு மிச்சம்.

கேள்வி: அல்சூரில் பழைய வீடு. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் எல்லாம் துருப்பிடித்துத் தண்ணீர் செந்நிறமாக வருகிறது. மொத்தமாக மாற்ற இரண்டு பேரிடம் கேட்டோம், ஒருவர் சொன்ன தொகை மற்றவர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. எதை நம்புவது?

இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மொத்தத் தொகையாகச் சொன்னதை ஒப்பிடவே முடியாது. இருவரிடமும் ஒரே தாளைக் கொடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்த லைன் எந்தப் பைப், எத்தனை இஞ்ச், எத்தனை மீட்டர், எந்தப் பிராண்ட், எத்தனை பாயிண்ட். ஒரு குழாய் அல்லது ஒரு இணைப்பு வருகிற இடம் ஒரு பாயிண்ட். ஆனால் சுவர் வெட்டுவது, திரும்பப் பூசுவது, பழைய பைப்பைக் கழற்றுவது, குப்பை அள்ளுவது இதில் சேருமா சேராதா என்பதில்தான் அந்த இரண்டு மடங்கு ஒளிந்திருக்கும். கூலியும் சாமானும் தனித்தனி வரியில் வரட்டும். கழற்றிய இரும்பைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பணம் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பைப்பில் ஏமாறுவது எளிது, ஏனென்றால் எல்லாம் பிளாஸ்டிக்தான். வெள்ளை யுபிவிசி குளிர்ந்த நீருக்கு மட்டும். கீசர், சோலார் லைனுக்கு மந்தமான மஞ்சள் நிறத்து சிபிவிசி. அது 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். யுபிவிசி பசையைச் சிபிவிசிக்குப் போட்டால் அன்றைக்கு ஒட்டும், வெந்நீர் பட்டுப் பட்டு மூட்டு விடும். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். சிபிவிசி பைப்பின் மேல் ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் மரையில் சணல் சுற்றும் பழைய பழக்கம் வேண்டாம். சணல் நனைந்து ஊதி ஃபிட்டிங்கைப் பிளக்கும். வெளிச்சுவரில் போகும் சிபிவிசிக்கு மூன்றடிக்கு ஒரு கிளாம்ப், அதுவும் இறுக்கிப் பிடிக்காமல். வெந்நீர் ஓடும்போது பைப் நீளும், அதற்கு இடம் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரஷர் டெஸ்ட். பசை ஒட்டி ஒரு நாள் காய்ந்த பிறகு, பூசுவதற்கு முன், எல்லாப் பாயிண்டிலும் பிளக் போட்டுக் கைப் பம்பால் தண்ணீர் ஏற்ற வேண்டும். வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்காவது ஏற்றி, இரண்டு மணி நேரம் அழுத்தம் காட்டும் முள் இறங்காமல் நிற்க வேண்டும். காற்றால் சோதிக்க விடாதீர்கள்; பிளாஸ்டிக் பைப் வெடித்துச் சிதறும். “டெஸ்ட் எல்லாம் தேவையில்லை சார், நான் கியாரண்டி” என்கிறவர் எத்தனை மலிவாகச் சொன்னாலும் அவர் வேண்டாம். டெஸ்ட் முடிந்ததும் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது உதவும். பணத்தைச் சாமானுக்கு ஒரு பகுதி, டெஸ்ட் முடிந்ததும் பெரும்பகுதி, பத்து நாள் ஓடிப் பார்த்துவிட்டு மிச்சம் என்று பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சீலிங்கில் ஈரம், மேல் வீட்டுப் பாத்ரூமுக்கு நேர் கீழே. மேல் வீட்டுக்காரர் “எங்களுடையது இல்லை” என்கிறார். வந்த பிளம்பர் மேலே டைல்ஸ் முழுவதையும் உடைக்கச் சொல்கிறார். (வாசகர், விவேக் நகர்)

உடைக்கிற வரைக்கும் போக வேண்டாம். ஈரத்தின் பழக்கத்தைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். மேல் வீட்டில் யாரும் இல்லாத நாளிலும் இருபத்துநாலு மணி நேரமும் சொட்டினால் அழுத்தத்தில் இருக்கும் சப்ளை லைன். ஃப்ளஷ் செய்தாலோ வாளித் தண்ணீர் கொட்டினாலோ மட்டும் சொட்டினால் வேஸ்ட் லைன், இல்லையென்றால் தரையில் தண்ணீர் வடியும் வாயான நானி டிராப்பின் மூட்டு. நீண்ட குளியலுக்குப் பிறகு மெதுவாக ஊறி, சில மணி நேரத்தில் நின்றால் டைல்ஸ் இடுக்குப் பூச்சு போயிருக்கிறது, அல்லது அடியில் உள்ள வாட்டர்புரூஃபிங்.

சப்ளை லைனைச் சந்தேகித்தால்: தண்ணீர் மீட்டரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெங்களூருவில் மீட்டர் பெரும்பாலும் சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டிக்கு) முன்னால் இருக்கிறது. காவேரித் தண்ணீர் சம்ப்பில் விழுந்து, மோட்டாரில் ஏறிப் பிறகுதான் வீட்டுக்கு வருகிறது. வீட்டுக்குள் கசிவதை அந்த மீட்டர் காட்டாது. அதற்குப் பதில் ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரை நிறுத்தி, மேல் தொட்டியில் ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறியுங்கள். நாலடிக்கு நாலடி தொட்டியில் ஒரு இஞ்ச் இறங்கினால் ஏறக்குறைய 38 லிட்டர் போயிருக்கிறது. இது தனி வீட்டுக்கு. எல்லா வீட்டுக்கும் ஒரே தொட்டி என்றால் மேல் வீட்டு வால்வை மட்டும் ஒரு ராத்திரி மூடச் சொல்லுங்கள். சொட்டுவது நின்றால் வழக்கு முடிந்தது.

சப்ளை லைன் இல்லை என்றானால், நானி டிராப்பின் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, மேல் வீட்டுப் பாத்ரூம் தரையில் இரண்டு இஞ்ச் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விடுங்கள். கீழே ஈரம் கூடினால் தரை. கூடாவிட்டால் அடைப்பை எடுத்து அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் விடுங்கள். இப்போது சொட்டினால் வேஸ்ட் லைன். தண்ணீரில் சமையல் கலர் கலந்துவிட்டால் மேல் வீட்டுக்காரருடன் வாதமே வராது. பைப் கசிவுக்கும் தரைக் கசிவுக்கும் வேலை வேறு, ஆள் வேறு: பைப் என்றால் பிளம்பர், இடுக்குப் பூச்சு என்றால் டைல்ஸ் ஆள். இதைச் சொல்லாமல் எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்பவரைக் கொஞ்சம் யோசித்து எடுங்கள்.

கேள்வி: ஃப்ளஷ் டேங்கில் சதா தண்ணீர் ஓடுகிறது. ஒரு வருடத்தில் இரண்டு தடவை உள் செட் மாற்றியாயிற்று. (வாசகி, ஆர்.டி. நகர்)

போர்வெல் தண்ணீர்தானே? கடின நீரின் வெள்ளைப் படிவு அடி ரப்பர் உட்காரும் இடத்தில் கட்டிக்கொள்கிறது. புது செட்டை அதன் மேலேயே வைத்தால் மறுபடியும் கசியும். டேங்கில் கொஞ்சம் காபி டிகாக்ஷன் ஊற்றி இருபது நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடி ரப்பர்தான். தெரியாமல், தண்ணீர் நடுக்குழாயின் வாயைத் தாண்டி வழிந்தால் டேங்கை நிரப்பும் ஃபில் வால்வின் மிதவையை இறக்க வேண்டும், செலவே இல்லை. ரப்பரையும் அது உட்காரும் இடத்தையும் சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஒரு மணி நேரம் ஊற வைத்துத் துடையுங்கள். குழாயில் தண்ணீர் நூல் போல விழுந்தாலும் இதே வைத்தியம்: வாயில் உள்ள ஏரேட்டர் என்ற சல்லடையைக் கழற்றி ஊற வையுங்கள், குழாயையே மாற்ற வேண்டாம்.

புது அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல இடங்களில் ஃப்ளஷுக்கு மட்டும் சுத்திகரித்த கழிவுநீர் தனி லைனில் வருகிறது. ஹெல்த் ஃபாசெட்டுக்கு அந்த லைனிலிருந்து ‘டீ’ (T வடிவ இணைப்பு) போட்டு இணைத்துவிடும் அவசரக்காரர்கள் இருக்கிறார்கள். இணைக்கும் முன் எந்த லைன் எது என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தரைத்தளத்தில் கழிவுநீர் எதிர்த்து வருகிறது. பிளம்பர் மூன்று தடவை கம்பி விட்டுப் பணம் வாங்கிப் போனார், மறுபடியும் அடைப்பு. (வாசகர், ஸ்ரீராமபுரம்)

காம்பவுண்டுக்குள் கடைசியாக இருக்கும் சேம்பரின் (கழிவுநீர்த் தொட்டிக் குழியின்) மூடியைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் நடுவில். அது உங்கள் செலவு. நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால், ரோட்டுப் பக்கம். அங்கே உங்கள் பிளம்பர் எத்தனை கம்பி விட்டாலும் பயனில்லை. நீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் செய்யுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டி இருக்கிறது. மழை நாளில் மட்டும் எதிர்த்து வருகிறதென்றால், கட்டடத்தில் யாரோ மொட்டை மாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் லைனில் சேர்த்திருப்பார்கள். அதைப் பிரிப்பதுதான் நிரந்தர வழி.

மேன்ஹோலுக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு நிமிடத்தில் உயிரை எடுக்கும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்கியவருக்கு முதல் தடவையே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடைப்பெடுக்க நீங்களாகவே ஆசிட் ஊற்றியிருந்தால் பிளீச்சிங் பவுடரை அதோடு சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். என்ன ஊற்றினீர்கள் என்பதைப் பிளம்பர் டிராப்பைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குனிந்து திறக்கும்போது எதிரே இருக்கப் போவது அவர் முகம்.