ஏப்பமும் புகைதான்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: பூமி சூடாவதற்கும் நம் தட்டில் இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? காலமெல்லாம் மாட்டு வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்றவனிடம் இதைக் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்கிறேன். ஆனால் மாட்டைத் திட்டச் சொல்லாதீர்கள். அதன் வயிறு அப்படி. அதைக் கோடிக்கணக்கில் பெருக்கியது நாம்.

“மாடு விடும் ஏப்பத்தால் உலகம் சூடாகிறது என்று பேராசிரியர் சொன்னதும் வகுப்பே சிரித்தது. நிஜமாகவே அவ்வளவு ஏப்பமா, டாக்டர்?” – கல்லூரி மாணவி

சிரிக்கட்டும் மகளே, நானும் மாணவனாக இருந்தபோது சிரித்தவன்தான். கால்நடை ஆராய்ச்சிக் கூடங்களில் விலாப் பக்கம் துளையிட்டு, அதற்கு ரப்பர் மூடி போட்ட மாடு ஒன்று நிற்கும். புண் ஆறிய பிறகு அதற்கு வலி இல்லை, அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்து கையை விட்டால் தோள்வரை போகும். மேலே வெறும் காற்று. அதற்குக் கீழே பாதி மென்ற புல், அடர்த்தியாக, கையை எதிர்த்துத் தள்ளும். இன்னும் கீழே போனால் வெதுவெதுப்பான கூழ். சூடு எப்போதும் 39 டிகிரியை ஒட்டியே இருக்கும். வளர்ந்த பசுவின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும்.

அந்தக் கூழில் கோடானுகோடி நுண்ணுயிர்கள். நமக்குச் செரிக்காத நாரை அவை உடைக்கின்றன. அப்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. ஆர்க்கியா என்ற இன்னொரு கூட்டம் அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேன் ஆக்குகிறது. அது வெளியே வந்தாக வேண்டும். பின்பக்கமாக வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வாய் வழியாக, ஏப்பமாகத்தான் வருகிறது. ஒரு பசுவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 250 முதல் 500 லிட்டர். ஏப்பம் அடைத்துக்கொண்டால் இடது விலாவுக்குப் பின்னால் வயிறு உப்பிவிடும், மூச்சு முட்டும். வேறு வழியில்லாத கட்டத்தில் ட்ரோகார் என்கிற குத்தூசிக் குழாயை அந்த இடத்தில் இறக்குவோம். சீறிக்கொண்டு வாயு வெளியேறும். பக்கத்தில் யாரையும் தீக்குச்சி கிழிக்க விடமாட்டோம், ஏனென்றால் அது பற்றிக்கொள்ளும்.

இப்போது உன் வகுப்புக்கு எண்கள். உலகில் மனிதனால் வெளியேறும் பசுமைக்குடில் வாயுக்களில் கால்நடைத் துறையின் பங்கு 14.5 சதவீதம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் சொன்னது. 2023 அறிக்கையில் புதிய முறையில் கணக்கிட்டு 12 சதவீதம் என்றது. இதில் ஏப்பம் மட்டுமல்ல, தீவனம் விளைவிப்பது, சாணம், தீவனத்துக்காகக் காடழிப்பது எல்லாம் அடக்கம். எண் கொஞ்சம் முன்னே பின்னே நகரலாம். அற்பம் என்று தள்ளும் அளவுக்குச் சுருங்கியதில்லை.

“நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பவர்களை விட்டுவிட்டு எங்கள் சாப்பாட்டில் ஏன் கைவைக்கிறீர்கள்?” – கோபத்தோடு ஒரு வாசகர்

கோபம் நியாயம்தான். பெரும்பங்கு எரிபொருளிடம்தான் இருக்கிறது. தட்டை மாற்றினால் போதும், அனல்மின் நிலையம் புகையட்டும் என்று சொல்கிறவரை நானும் நம்பமாட்டேன். ஆனால் ‘அதுவா இதுவா’ என்ற கட்டத்தை நாம் தாண்டிவிட்டோம். தொழில் யுகத்துக்கு முந்தைய சராசரியைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடான முதல் ஆண்டாக 2024 பதிவாகிவிட்டது. எரிபொருளை இன்றைக்கே நிறுத்தினாலும், உணவு உற்பத்தி இதே போக்கில் போனால் அது ஒன்றே நம்மை 1.5 டிகிரிக்கு அப்பால் கொண்டுபோய்விடும் என்று 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கரியமில வாயு ஏறினால் ஏறியதுதான். அதில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் காற்றில் நிற்கும். மீத்தேன் அப்படி அல்ல. சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். ஆனால் இருக்கும்வரை ஆடுகிற ஆட்டம் பெரிது: எடைக்கு எடை பார்த்தால், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 80 மடங்கு சூடேற்றும், 100 ஆண்டுக் கணக்கில் 27 மடங்கு. அதாவது மீத்தேனைக் குறைத்தால் பலனைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை, நாமே பார்க்கலாம். 2021-இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் பல நாடுகள் சேர்ந்து, 2030-க்குள் மீத்தேனை 2020 அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்பதாக உறுதி சொன்னதும் இந்தக் கணக்கில்தான். எரிவாயுக் குழாய்க் கசிவை அடைப்பது அரசுகளின், கம்பெனிகளின் வேலை. மாட்டு மீத்தேனில் நமக்கும் ஒரு பிடி இருக்கிறது.

“நாங்கள் சுத்த சைவம். பால், வெண்ணெய், சீஸ் மட்டும் தாராளமாக உண்டு. இந்தப் பாவத்தில் எங்களுக்குப் பங்கில்லைதானே?” – இல்லத்தரசி

அம்மா, கேள்வியிலேயே ‘தாராளமாக’ என்று எழுதிவிட்டீர்கள்.

பால் மட்டும் காற்றிலிருந்தா வருகிறது? அதே மாடு, அதே இரைப்பை. 2018-இல் பூர், நெமசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டிப் போட்ட கணக்கு இது. நூறு கிராம் புரதம் கிடைக்க எவ்வளவு பசுமைக்குடில் வாயு வெளியேறுகிறது என்று பார்த்தார்கள். இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டில் சராசரி 50 கிலோ, ஆட்டில் 20, சீஸில் 11, பன்றியில் ஏழரை, கோழியில் ஆறுக்குக் கொஞ்சம் கீழே, முட்டையில் நாலு சொச்சம். சோயாவிலிருந்து செய்யும் டோஃபுவில் 2. பட்டாணியில் அரைக் கிலோகூட இல்லை.

சீஸ் எங்கே நிற்கிறது பாருங்கள். கோழியைவிட மேலே! கோழிக்கறியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் சீஸை வைத்தவர் புவிச்சூட்டுக்கு எந்த உபகாரமும் செய்யவில்லை. உயிர்க்கொலை வேண்டாம் என்ற உங்கள் மனசாட்சிக் கணக்கு வேறு, அதில் நான் தலையிடவில்லை. வாயுக் கணக்கைக் கேட்டீர்கள், சொன்னேன். ஒரு லிட்டர் பசும்பாலுக்குச் சராசரியாக 3 கிலோவுக்குச் சற்று மேல், சோயா பாலுக்கு ஒரு கிலோ. நிலமும் அப்படியே: பசும்பாலுக்கு 9 சதுர மீட்டர் தேவைப்படும் இடத்தில் சோயா பாலுக்கு ஒரு சதுர மீட்டர்கூட வேண்டாம். பாதாம் பால் நிறையத் தண்ணீர் குடிக்கிறது என்ற பேச்சு உண்மைதான், லிட்டருக்கு 371 லிட்டர். ஆனால் பசும்பால் 628 லிட்டர் கேட்கிறது. இதை மட்டும் யாரும் பரப்புவதில்லை.

“தூர தேசத்திலிருந்து கப்பலில் வரும் பருப்பைவிடப் பக்கத்துப் பண்ணை இறைச்சி நல்லதல்லவா?”

இல்லை. உணவின் மொத்த வாயுவில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 சதவீதம்தான்; மாட்டிறைச்சியில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. விமானத்தில் பறந்து வரும் பழங்கள் மட்டும் விதிவிலக்கு.

“சோயாவுக்காகத்தான் அமேசான் காட்டையே வெட்டுகிறார்கள். அப்படியானால் டோஃபு சாப்பிடுகிறவர்தானே குற்றவாளி?” – கணக்கு ஆசிரியர்

கணக்கு வாத்தியாருக்குக் கணக்காகவே சொல்கிறேன். உலகில் விளையும் சோயாவில் முக்கால் பங்குக்கு மேல் கால்நடைத் தீவனமாகப் போகிறது. டோஃபு, சோயா பால் என்று மனிதர் நேரடியாகச் சாப்பிடுவது பத்தில் ஒரு பங்குகூட வராது. அமேசானில் வெட்டிய நிலத்தில் பெரும்பகுதி மேய்ச்சல் தரையாகவே ஆகியிருக்கிறது. உங்கள் குற்றவாளி கோழிக்கறி சாப்பிடும்போதும் சோயாதான் சாப்பிடுகிறார், சுற்றுவழியில்.

“வெயில் ஏறினால் பயிரும்தானே கருகும்? தாவரத்தையே நம்பச் சொல்வது எப்படி?” – விவசாயி

வந்த கேள்விகளிலேயே கனமானது உங்களுடையதுதான் ஐயா. பயிர் அடி வாங்கும், சந்தேகமே இல்லை. உலக சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மக்காச்சோள விளைச்சல் சுமார் 7 சதவீதமும், கோதுமை 6 சதவீதமும், நெல்லும் சோயாவும் 3 சதவீதமும் குறையும் என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. காற்றில் கரியமில வாயு கூடினால் கோதுமையிலும் நெல்லிலும் இரும்பு, துத்தநாகம், புரதம் குறைவதையும் வயல் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். மணி முற்றியிருக்கும், சத்து குறைந்திருக்கும்.

ஆனால் மாடு தப்பித்துவிடும் என்று நினைக்காதீர்கள். செரிமானமே அதற்குள் ஓர் அடுப்பு. வெளியே அனல், உள்ளே அனல். கறவை மாடு வெயிலில் என்ன செய்யும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்: வாயைத் திறந்து நாக்கைத் தள்ளி மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும். உள்ளே உண்டாகும் சூட்டைக் குறைக்கத் தீனியைக் குறைத்துக்கொள்ளும். உடனே பால் இறங்கும், சினை பிடிப்பது தள்ளிப்போகும். அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்னும், ஆகவே அதற்குத்தான் முதல் அடி.

உலகத் தானியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விலங்குக்குப் போடுகிறோம். அந்தக் கலோரியில் சிறு பகுதிதான் இறைச்சியாகவோ பாலாகவோ திரும்பி வருகிறது. விளைச்சல் தாராளமாக இருக்கும்வரை இந்த ஊதாரித்தனம் தெரியாது. குறையும்போது விளைந்ததை நேராக மனிதன் சாப்பிடுவதுதான் கையிருப்பு.

நெல் வயலும் மீத்தேன் விடுகிறதே என்று பின்குறிப்பு போட்டிருக்கிறீர்கள். ஆமாம், தேங்கிய நீருக்கடியில் அதே ஆர்க்கியாக் கூட்டம்தான். நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் பாதிவரை குறையும், தண்ணீரும் மிஞ்சும். மாட்டு வயிற்றை அப்படிக் காயப்போட முடியாது.

“கடல்பாசி கொடுத்தால் மாட்டின் ஏப்பம் அடங்கிவிடுமாமே?”

அஸ்பராகோப்சிஸ் என்ற சிவப்புக் கடல்பாசி சில சோதனைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குறைத்திருக்கிறது. 3-என்.ஓ.பி. என்ற மருந்து கறவை மாடுகளில் 30 சதவீதம் அளவுக்கு. நல்ல வேலை, நடக்கட்டும். ஆனால் கொட்டிலில் கட்டிப்போட்டு வாளியில் தீனி வைக்கும் மாட்டுக்குத்தான் தினமும் கலந்து கொடுக்க முடியும். நாள் முழுக்க வெளியில் மேயும் மாட்டின் வாயில் யார் கொண்டுபோய் ஊட்டுவது? அதோடு, ஏப்பம் குறைந்தாலும் நிலத் தேவை குறையாது.

“என் மகள் பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். ரத்தசோகை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.” – ஒரு தாய்

பயப்படாதீர்கள், ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: வைட்டமின் பி12. தாவர உணவை நம்பி அதைப் பெற முடியாது. ‘இயற்கையாகச் சாப்பிட்டால் எல்லாம் தானே கிடைக்கும்’ என்று யாராவது உங்கள் மகளிடம் சொல்லியிருந்தால், அந்தப் பேச்சை இந்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம்தான் தேவை. மாத்திரையிலோ பி12 சேர்த்த உணவிலோ எளிதாகக் கிடைத்துவிடும். எடுக்காவிட்டால் சோகை மட்டுமல்ல, நரம்பும் கெடும், அதுவும் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல்.

மருந்து எடுப்பது இயற்கைக்கு விரோதம் என்று அவள் வாதாடினால் இதைச் சொல்லுங்கள். பி12-ஐ மாடும் தானாகச் செய்வதில்லை, அதன் வயிற்று நுண்ணுயிர்கள் செய்கின்றன. அவற்றுக்குக் கோபால்ட் வேண்டும். கோபால்ட் இல்லாத மண்ணில் மேயும் ஆடு மாடு, வயிறு நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே போகும்; கோபால்ட் கொடுத்தால் தேறும். பி12 உண்டாக மாட்டுக்கே நாங்கள் கோபால்ட் கொடுத்து வந்திருக்கிறோம்; உங்கள் மகள் பி12 மாத்திரை எடுத்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இரும்புக்குப் பருப்பு, பயறு, கீரை. கூடவே எலுமிச்சை, நெல்லி என்று வைட்டமின் சி உள்ள எதையாவது சேர்த்தால் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேநீர் வேண்டாம், இரும்பைத் தடுத்துவிடும். அயோடின் சேர்த்த உப்பு. கர்ப்பம், கைக்குழந்தை என்று வரும்போது மனித வைத்தியரைப் பாருங்கள், என்னை அல்ல.

“ஆடு மாடே வாழ்க்கை என்று இருக்கும் ஏழைகளை என்ன செய்யப் போகிறீர்கள்?”

அவர்களை ஒன்றும் செய்ய வேண்டாம். பயிருக்கு லாயக்கில்லாத வறண்ட மேய்ச்சல் நிலம் உலகில் ஏராளம், அங்கே ஆட்டுக்குட்டிதான் வங்கிக் கணக்கு. நான் சொல்வதெல்லாம் கடையில் பத்துவிதப் பயறும் எதிரே இருக்க, மூன்று வேளையும் இறைச்சியோ பாலாடையோ கேட்பவருக்கு. உடல்நலத்துக்கும் பூமிக்கும் ஏற்ற உணவு எது என்று ஆராய்ந்த ஈட்-லான்செட் என்ற சர்வதேச அறிவியலாளர் குழு 2019-இல் வகுத்த உணவுத் திட்டத்தில் மாடு, ஆடு, பன்றி எல்லாம் சேர்த்து நாளைக்குச் சராசரி 14 கிராம்தான். முழுக்க நிறுத்து என்று அந்தக் குழுவே சொல்லவில்லை. வசதியுள்ள நாடுகள் அரசு மட்டத்திலேயே தொடங்கலாம்: டென்மார்க் 2023-இல் தாவர உணவுக்கென்று தேசியத் திட்டம் போட்டது, 2030 முதல் கால்நடை வெளியேற்றத்துக்கு வரி விதிக்கவும் முடிவெடுத்துவிட்டது.

“எல்லாம் சரி டாக்டர், பயறு சாப்பிட்டால் எனக்கு வாயு பிடுங்குகிறது. அது மீத்தேன் இல்லையா?” – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பெயரை மறைத்தது நல்லது. பயறில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்க நமக்கு நொதி இல்லை. பெருங்குடல் நுண்ணுயிர்கள் உடைக்கின்றன, வாயு வருகிறது. அதில் மீத்தேன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மீத்தேன் செய்யும் ஆர்க்கியா எல்லோர் குடலிலும் கணிசமாக இருப்பதில்லை. இருந்தாலும் மாட்டோடு போட்டி போட உங்களால் முடியாது. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். முதல் வாரம் அரைக் கிண்ணம் போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம். குடல் பழகிவிடும், அதுவரை வீட்டார் பொறுத்துக்கொள்ளட்டும்.