பி.பி. மாத்திரை எக்ஸ்பயரி ஆகி இரண்டு மாசம், அப்பா சாப்பிடலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்பாவின் டெல்மிசார்டான் 40 மி.கி. அட்டையில் இரண்டு மாதம் முன்பே தேதி முடிந்துவிட்டது, இன்னும் எட்டு மாத்திரை மிச்சம். அதே டப்பாவில் பாப்பாவுக்குக் கரைத்த ஆன்டிபயாடிக் சிரப், பிரித்த கண் சொட்டு மருந்து, பிரான்சிலிருந்து சித்தி கொண்டுவந்த காய்ச்சல் மாத்திரை, அம்மாவின் இன்சுலின் எல்லாம் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது? "அமெரிக்க ராணுவமே எக்ஸ்பயரி ஆன மருந்தைத்தான் பயன்படுத்துது" என்று வந்த வாட்ஸ்அப் செய்தி உண்மையா என்பதும் கேள்வியில் இருக்கிறது.

அப்பாவுக்குப் புது அட்டை வாங்குங்கள். ஏற்கெனவே பழையதில் நாலைந்து போட்டுவிட்டார் என்றால் பதற வேண்டாம், அது விஷமாகியிருக்காது. ஒருமுறை பி.பி. பார்த்துவிடுங்கள், போதும். ராத்திரி கடை மூடிவிட்டது, கையில் இருப்பது இதுதான் என்றால், குழி உடையாத அலுமினிய அட்டையில் இருக்கும் மாத்திரையை அன்றைக்கு ஒருவேளை போட்டுவிட்டுக் காலையில் புதிது வாங்குவது, அறவே விடுவதைவிட மேல் என்பது என் கருத்து. ஆனால் "எட்டு இருக்கே, வீணாகப் போகுதே" என்று எட்டு நாள் ஓட்டுவது தப்புக் கணக்கு.

அந்தத் தேதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 03/2026 என்று போட்டிருந்தால் மார்ச் 31 வரை என்று அர்த்தம். மார்ச் 1ஆம் தேதியே முடிந்துவிட்டதாக நினைத்து எறிகிறவர்கள் உண்டு. அந்த நாள் வரை, பிரிக்காமல், அட்டையில் எழுதியபடி வைத்திருந்தால் மருந்தின் வீரியம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காது என்று கம்பெனி கொடுக்கும் உறுதி அது. பெரும்பாலான மருந்துகளுக்கு அந்த அளவு 90 சதவீதம். சிலவற்றுக்கு அதைவிடக் கறாராக 95. மறுநாள் காலையில் மருந்து செத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. உறுதி அதோடு முடிகிறது, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்க ராணுவத்துக்காக அந்த நாட்டு மருந்துத் துறை 1986 முதல் கையிருப்பு மருந்துகளைச் சோதித்து ஆயுளை நீட்டித்து வருகிறது. 2006இல் வெளியான கணக்குப்படி 122 வகை மருந்துகளில் 3,005 பேட்ச்களைப் பார்த்ததில் 88 சதவீதம், தேதி முடிந்து குறைந்தது ஒரு வருடம் தாக்குப்பிடித்தன. செய்தியில் விட்டுவிட்ட பாதி இது: அவை கம்பெனிப் பெட்டியே பிரிக்காதவை, வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும் கிடங்கில் இருந்தவை, ஒவ்வொரு பேட்ச்சையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே நீட்டித்தவை. ஒரே மருந்தில்கூட ஒரு பேட்ச் தேறியது, இன்னொன்று தேறவில்லை. நம் வீட்டு ஷெல்ஃபுக்கு இதில் எதுவும் பொருந்தாது.

நம் பக்கத்துக்கு அதிலும் பொருந்தாது. இந்தியாவில் மருந்தின் ஆயுளை 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். கடலூர், புதுச்சேரி கடற்கரையில் மே மாதம் வெயில் 40ஐத் தொடும். மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் அறை ராத்திரி பத்து மணிக்கும் சூடு தணியாது. ஐப்பசி, கார்த்திகையில் உப்பு டப்பாவே கசிகிற காற்று. அடுப்புக்கு மேல் ஷெல்ஃப், பாத்ரூம் கண்ணாடிப் பெட்டி, ஃபிரிட்ஜின் தலை, டிவிக்குப் பக்கம், வண்டி டிக்கி என்று மருந்து வைக்கும் இடங்களைப் பார்த்தால், பல மாத்திரைகளுக்கு அச்சடித்த தேதிக்கு முன்பே வயதாகிவிடுகிறது. தரைத் தளத்தில், வெளிச்சுவர் ஒட்டாத மர அலமாரியின் கீழ்த்தட்டு நல்லது. மாத்திரையை "சேஃப்டி" என்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்; வெளியே எடுக்கும்போதெல்லாம் வியர்க்கும், அந்த ஈரம்தான் எதிரி.

டெல்மிசார்டானையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. அதனால்தான் இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் வைத்த அட்டையில் வருகிறது. திங்கள், செவ்வாய் என்று கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு வாரத்துக்குப் பிரித்துப் போட்டு வைத்தால், மழைக்காலத்தில் மூன்றாம் நாளே ஓரம் மெத்தென்று ஆகி, விரலில் லேசாக ஒட்டும். தேதி இன்னும் ஒன்றரை வருடம் இருக்கலாம், ஆனால் அந்த மாத்திரையைப் போடக் கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்ப்ரோயேட், கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த அமாக்சிசிலின் இவையும் இதே ரகம். வாரப் பெட்டி வேண்டும் என்றால் இவற்றை அட்டையோடு, ஒவ்வொரு குழியாகக் கத்தரித்து உள்ளே போடுங்கள். ஆஸ்பிரின் ஈரம் பட்டால் உடைந்து சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் ஆகும். முகர்ந்தால் வினிகர் வாடை அடிக்கும், எறிந்துவிடலாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மட்டும் விதிவிலக்கு: புதிதாக இருக்கும்போதே லேசாக மீன் கவிச்சி அடிக்கும். அதைக் கெட்டுப்போனது என்று கடையில் சண்டை போட வேண்டியதில்லை.

"விஷமாகாது" என்று மேலே சொன்னேன். அதற்கு இரண்டு விலக்கு. டெட்ராசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக் பழசாகிச் சிதைந்த பிறகு சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது 1963இலேயே பதிவாகியிருக்கிறது. அன்றைய கேப்ஸ்யூல் தயாரிப்பு முறை பிறகு மாறிவிட்டது. ஆனாலும் இந்தக் குடும்பத்து மருந்து எதையும் தேதி தாண்டித் தொடாதீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வாரம் ஒருமுறை 200 மி.கி. என்று கொடுக்கும் டாக்சிசைக்கிளின் இதே குடும்பம்தான். போன வெள்ளத்தில் வாங்கியது டப்பாவின் அடியில் கிடக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று அசிடிட்டிக்குக் கொடுக்கும் ரானிடிடின். நாளாக நாளாக, சூடு ஏற ஏற அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் பொருள் கூடுகிறது என்று கண்டுதான் 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துத் துறை அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது.

மற்றவற்றில் பயப்பட வேண்டியது விஷத்துக்கு அல்ல, வேலை செய்யாமல் போவதற்குத்தான். எனவே ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியது ஒன்றே: இது வேலை செய்யவில்லை என்றால் என்ன ஆகும்? காய்ச்சல் மாத்திரை பலிக்கவில்லை என்றால் காய்ச்சல் இறங்காது. ஓர் அட்டை முப்பது, நாற்பது ரூபாய், வாங்கிக்கொள்ளலாம். வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், இதயத்துக்கான டிகாக்சின், தைராய்டுக்கான தைராக்சின் போன்றவற்றில் பத்து சதவீதக் குறைவுகூட ஆளைப் படுக்க வைக்கலாம். கருத்தடை மாத்திரையில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆன்டிபயாடிக்கில் வீரியம் குறைந்தால் கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும். இந்த வரிசையில் தேதி ஒரு நாள் தாண்டினாலும் பேச்சே இல்லை.

நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நைட்ரோகிளிசரின் தானாகவே ஆவியாகிப் போகும் சரக்கு. அதனால் அது வந்த கண்ணாடிக் குப்பியிலேயே, மூடியை இறுக்கி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினாலோ உள்ளே பஞ்சு வைத்தாலோ மருந்தை அவை குடித்துவிடும். சட்டைப் பையில் வைத்து வியர்வையில் ஊறவிடுவதும் வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த ஆளுக்கு வலி வந்து, கையில் தேதி தாண்டியதுதான் இருக்கிறது என்றால் அதை நாக்கடியில் வைத்துக்கொண்டே 108க்கு அழையுங்கள். பலிக்கிறதா என்று காத்திருந்து பார்க்காதீர்கள். ஆஸ்துமா பம்ப்பும் அப்படியே: மூச்சுத் திணறும்போது பழையதுதான் இருக்கிறது என்றால் அடியுங்கள், அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இனி, பிரித்த மருந்துகள். அச்சடித்த தேதி பிரிக்காத பாட்டிலுக்கு மட்டும்தான். பாப்பாவின் ஆன்டிபயாடிக் பொடி பாட்டிலில் இன்னும் ஒரு வருடம் இருக்கலாம், ஆனால் தண்ணீர் விட்ட நிமிடம் அந்தத் தேதி போய்விட்டது. பெரும்பாலும் ஏழு நாள், லேபிளில் எழுதியிருக்கும். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்தது என்றால் அந்த ஏழு நாளும் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். கரைக்கும்போதும் தப்பு நடக்கிறது: கொதித்து ஆறிய தண்ணீரில் பாதியை விட்டுக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகுதான் அம்புக்குறி வரை மீதியை விட வேண்டும். நுரையைப் பார்த்துக் குறியில் நிறுத்தினால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும், ஒவ்வொரு கரண்டியிலும் அளவு கூடும். மிச்சம் வைத்து அடுத்த சளிக்குக் கொடுப்பது அறவே கூடாது. கண் சொட்டு மருந்து பிரித்து 28 நாள். அதற்குப் பிறகு மருந்து நன்றாக இருந்தாலும் பாட்டில் மூக்கில் கிருமி ஏறியிருக்கலாம். கண்ணைக் கெடுக்க அது போதும். பிரித்த நாளை ஸ்கெட்ச் பேனாவில் பாட்டில் மேலேயே எழுதுங்கள், அட்டைப்பெட்டியில் எழுதினால் பெட்டி முதல் நாளே குப்பைக்குப் போய்விடும். ஓ.ஆர்.எஸ். கரைத்தால் 24 மணி நேரம். பிரிக்காத பாக்கெட்டுக்குள் பொடி கட்டியாகிப் பழுப்பேறியிருந்தால் வேண்டாம்.

இன்சுலின் பிரிக்காதவரை 2 முதல் 8 டிகிரி, பிரித்த பிறகு 30 டிகிரிக்குள் பொதுவாக 28 நாள். சில வகைக்கு 42, 56 நாள் வரைகூட உண்டு, அதனோடு வரும் தாளில் இருக்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் வைக்காதீர்கள். உறைந்துவிட்டால் இளகிய பிறகும் பயன்படாது. கதவுத் தட்டு போதும். தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தாலோ, பால் போல் இருக்க வேண்டியதை உள்ளங்கையில் உருட்டிய பிறகும் திப்பி திப்பியாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தாலோ தேதியே பார்க்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். 2011இல் வந்த தானே, 2024இல் வந்த ஃபெஞ்சல் மாதிரிப் புயலில் கரண்ட் நாள்கணக்கில் போனால் இன்சுலின் உடனே கெட்டுவிடாது. ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள். பிறகு ஜிப் கவரில் போட்டு, சின்னப் பானையில் வைத்து, அதைத் தண்ணீர் ஊற்றிய பெரிய மண்பானைக்குள் இறக்கி, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். வெளியே வந்த நாளிலிருந்து அந்த 28 நாளை எண்ணுங்கள். வெள்ளத் தண்ணீர் பட்ட மருந்து எதுவானாலும், அட்டை துடைத்தால் பளபளப்பாக இருந்தாலும், போக வேண்டியதுதான்.

சித்தி கொண்டுவந்த டோலிப்ரானில் தேதியைவிட முக்கியமானது அளவு. அது நம் பாராசிட்டமால்தான். ஆனால் நிறையப் பெட்டிகள் 1000 மி.கி., நம் கடை மாத்திரை 500 அல்லது 650. இரண்டு போட்டுப் பழகியவர் அதிலும் இரண்டு போட்டால் ஒரே வேளையில் 2000. பெரியவருக்கு நாள் முழுதுக்கும் எல்லாம் சேர்த்து 4000ஐத் தாண்டக் கூடாது. வயதானவர், மெலிந்தவர், குடிப்பவருக்கு வரம்பு அதற்கும் கீழே.

தேதியே தெரியாத மாத்திரைதான் டப்பாவில் அதிகம் இருக்கும். கடையில் ஆறு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருவார்கள். தேதி அச்சடித்த முனை அவர்களிடமே தங்கிவிடும். பில் வாங்குங்கள். பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் அதில் வரும். பில்லை மாத்திரையோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். அட்டை வீட்டில் இருக்கும்போதும் தேதி இல்லாத முனையிலிருந்து பிரித்துக்கொண்டு வாருங்கள். கவர் மேல் பேரும் தேதியும் இல்லாத உதிரி மாத்திரையை அடையாளம் கண்டுபிடிக்க முயலவே வேண்டாம், எறியுங்கள்.

எறிவதிலும் முறை இருக்கிறது. பிரான்சில் மீந்த மருந்தை மருந்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம், அங்கே அது எரியூட்டப் போகும். இங்கே வீட்டுக்காரர் செய்ய வேண்டியது: மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, வடிகட்டிய காபித்தூளிலோ சாம்பலிலோ பிசைந்து, கவரில் கட்டி, காலாவதி மருந்து என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள், திடக்கழிவு விதிகளின்படி இது தனியாகக் கொடுக்க வேண்டிய கழிவு, காய்கறித் தோலோடு போகக் கூடாது. காலி அட்டையைக் குறுக்கே வெட்டிவிடுங்கள். இன்சுலின் ஊசியை மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்துக் கொடுங்கள். கழிவறையில் ஊற்றலாம் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் சொன்னது டிரமடால், டயசிபாம், மார்ஃபின், ஃபென்டானில் போன்ற 17 மருந்துகளுக்கு மட்டும். குழந்தையோ மாடோ தப்பித் தின்றால் ஒன்றே உயிருக்கு ஆபத்து என்பதால். அப்பாவின் எட்டு டெல்மிசார்டான் அந்தப் பட்டியலில் இல்லை, அது காபித்தூளுக்குத்தான்.